பிள்ளைகள் சபையிலும் விசுவாசத்திலும் நிலைத்திருக்க: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறவன். பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சபைக்குச் சபை வழக்கம் வேறுபடும். ஞாயிறு பள்ளி என்று வரும் இடத்தில் மறைக்கல்வி வகுப்பு என்றும், போதகர் என்று வரும் இடத்தில் பங்குத்தந்தை என்றும் படித்துக்கொள்ளலாம். வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் இருப்பது வேறு, அந்தப் பிள்ளைக்கு ஆண்டவரைத் தெரிந்திருப்பது வேறு. முன்னதைக் காப்பாற்றப் போய்ப் பின்னதை இழந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஞாயிறு காலையானால் "நான் வரல" என்கிறான். கட்டாயப்படுத்தி அழைத்துப் போகலாமா?

வயதைப் பொறுத்தது. ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் "வர்றியா, வரலையா?" என்று கேட்கவே வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு அப்படிக் கேட்டுக்கொண்டா அனுப்புகிறோம்? ஞாயிறு காலை குடும்பமாக ஆராதனைக்குப் போவது வீட்டுப் பழக்கமாக இருந்தால், சின்னப் பிள்ளைகள் அதை இயல்பாக எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் ஒழுங்காக வந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று அடம்பிடித்தால், அதட்டுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். எங்கள் சபையில் ஒரு பையனுக்கு ஞாயிறு காலை மட்டும் வயிற்றுவலி வரும். சோம்பேறித்தனம் என்றே அவன் அம்மா நினைத்தார். அவன் வகுப்பில் வேதபாகத்தை ஆளுக்கொரு வசனமாக வரிசையாய்ச் சத்தமாக வாசிக்கும் வழக்கம் இருந்தது. அவனுக்கோ எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். தன் முறைக்கு எந்த வசனம் வரும் என்று விரலால் முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்வான். அது நெருங்கும்போது பாத்ரூம் போக வேண்டும் என்று எழுந்துவிடுவான். விரும்புகிறவர்கள் மட்டும் வாசித்தால் போதும் என்று ஆசிரியை மாற்றினார். அதோடு வயிற்றுவலியும் நின்றது.

சில பிள்ளைகளுக்கு வகுப்பில் பேச ஒரு நண்பன்கூட இருக்க மாட்டான். சிலரைப் பெரிய பையன்கள் கேலி செய்வார்கள். சனிக்கிழமை நள்ளிரவு வரை விழித்திருந்த பிள்ளைக்குத் தூக்கம்தான் பிரச்சினை. "ஏன் வரமாட்டேங்கற?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் "சும்மா" என்றுதான் பதில் வரும். "கிளாஸ்ல யார் பக்கத்துல உட்காருவே? டீச்சர் உன்கிட்ட என்ன கேட்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும்.

பதினான்கு, பதினைந்து வயதில் அணுகுமுறை மாற வேண்டும். ஞாயிறு ஆராதனைக்குக் குடும்பமாகப் போவதை வைத்துக்கொள்ளுங்கள். எங்கே உட்காருவது, எந்த ஆராதனைக்கு வருவது, பாடகர் குழுவில் சேருவதா வாலிபர் கூட்டத்துக்குப் போவதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். வாரத்தில் நாலு கூட்டத்துக்கும் இழுத்துக்கொண்டு போகும் வீடுகளில், பிள்ளைகள் வேலைக்குப் போய்ச் சொந்தக் காலில் நின்றதும் முதலில் உதறுவது சபையைத்தான். "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று பவுல் எழுதியது (கொலோசெயர் 3:21) விசுவாசிகளான தகப்பன்மாருக்குத்தான்.

தவறாமல் ஞாயிறு பள்ளிக்கு அனுப்புகிறோம். அது போதாதா?

போதாது. ஞாயிறு பள்ளி ஆசிரியனாக இருந்தே இதைச் சொல்கிறேன். வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. எங்களிடம் பிள்ளை இருப்பது அதில் ஒரு மணி நேரம். வருகைப் பதிவும் காணிக்கையும் பாட்டும் போக, பாடத்துக்கு மிஞ்சுவது அதில் பாதி.

ஞாயிறு பள்ளி எப்படித் தொடங்கியது என்பதையும் பாருங்கள். இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் பத்திரிகை நடத்திய ராபர்ட் ரெய்க்ஸ் 1780இல் ஏழைப் பிள்ளைகளுக்காக இதை ஆரம்பித்தார். வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போய், ஞாயிறன்று தெருவில் திரிந்த பிள்ளைகள் அவர்கள். வேதாகமத்தை வைத்து அவர்களுக்கு எழுதப் படிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆளில்லாத பிள்ளைகளுக்காக வந்த ஏற்பாடு, நாளடைவில் எல்லார் வீட்டுப் பொறுப்பையும் தலையில் தூக்கி வைக்கும் இடமாகிவிட்டது.

வேதம் அந்தப் பொறுப்பை வீட்டில்தான் வைக்கிறது. உபாகமம் 6ஆம் அதிகாரம் கற்பனைகளைப் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்லிவிட்டு, எப்போது என்பதையும் சொல்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529இல் சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலை எழுதியபோதும், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்றுத்தர வேண்டிய விதம் இது என்றே ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு வைத்தார்.

இதற்கு வீட்டில் இன்னொரு வகுப்பு நடத்தத் தேவையில்லை. பள்ளியிலிருந்து திரும்பும் வழியில், "இன்னிக்கு அந்தப் பையனை எல்லாரும் ஒதுக்குனாங்கன்னு சொன்னியே, இயேசு அங்க இருந்திருந்தா யார் பக்கத்துல போய் உட்கார்ந்திருப்பாருன்னு நினைக்கிற?" என்று ஒரு கேள்வி கேட்டால் அன்றைய பாடம் நடந்துவிட்டது.

குடும்ப ஜெபம் நடத்தப் பார்க்கிறோம். ஒருவன் தூங்குகிறான், ஒருத்தி போனைப் பார்க்கிறாள்.

நேரத்தைக் குறையுங்கள். பத்து நிமிடம் போதும். ஒரு பாட்டு (பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும்), எட்டுப் பத்து வசனம், ஒரு கேள்வி, ஆளுக்கொரு வாக்கியத்தில் ஜெபம். அப்பா உட்பட எல்லாருடைய போனும் வேறு அறையில் இருக்கட்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். பதினாறே அதிகாரம், கதை வேகமாக நகரும். நாளைக்கு அரை அதிகாரம் வாசித்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும், "நாம ஒரு புஸ்தகத்தை முழுசா படிச்சிட்டோம்" என்ற சந்தோஷம் பிள்ளைகளுக்கு இருக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "ஆண்டவரே, இவன் கணக்கில் மார்க் குறைவாக வாங்கியிருக்கிறான், சொல்பேச்சு கேட்கிறதில்லை, இவனுக்குப் புத்தியைக் கொடும்" என்று பிள்ளையின் காதில் விழும்படி ஜெபிப்பது. திட்ட வேண்டியதை நேரில் சொல்லித் திட்டிவிடுங்கள். அதை ஜெபத்துக்குள் கொண்டுவந்தால், ஆண்டவரும் அப்பா அம்மா பக்கம் சேர்ந்துகொண்டு தன்னைத் திட்டுகிறார் என்றே பிள்ளை நினைக்கும். அதற்குப் பதிலாக அவனுக்காக நன்றி சொல்லி ஜெபியுங்கள். தன் பெயரைச் சொல்லி அப்பா ஆண்டவருக்கு நன்றி சொல்வதைக் கேட்ட பிள்ளை அதை மறக்காது.

எல்லாரும் கூடியிருக்கும்போது வாய் திறக்காத பிள்ளை தனியாக இருந்தால் பேசும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லி, வீடு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டும், வாரத்தில் ஒவ்வொரு மாலையையும் ஒவ்வொரு பிள்ளைக்கென்று ஒதுக்கி, அவர்கள் ஆத்துமாவைப் பற்றித் தனியாகப் பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. இரண்டு பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டில் வாரத்துக்கு ஒருநாள் ஆளுக்கு அரைமணி நேரம் நிச்சயம் முடியும்.

எங்களுக்கே வேதம் அவ்வளவாகத் தெரியாது. என்ன சொல்லிக்கொடுப்பது?

உங்களுக்கு ஆண்டவர் செய்ததைச் சொல்லுங்கள். பஸ்கா பண்டிகையை ஆசரிக்கும்போது, இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று பிள்ளைகள் கேட்டால், எகிப்தில் கர்த்தர் தங்கள் வீடுகளைத் தப்பப்பண்ணினதை எடுத்துச் சொல்லும்படிதான் இஸ்ரவேலருக்குக் கட்டளை (யாத்திராகமம் 12:26, 27). வேலை போன மாதத்தில் எப்படி நாள் ஓட்டினீர்கள், யாரை மன்னிக்க முடியாமல் தவித்தீர்கள், ஜெபிக்கவே பிடிக்காத நாட்களில் என்ன செய்தீர்கள் என்பதெல்லாம் உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? பல வீடுகளில் பெற்றோரின் சாட்சியை ஊழியக்காரர்கள் கேட்டிருப்பார்கள், சொந்தப் பிள்ளைகள் கேட்டிருக்க மாட்டார்கள். வேதத்தைப் பிள்ளையோடு சேர்ந்தே படித்துக் கற்றுக்கொள்ளலாம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆராதனையில் சின்னப் பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள். எந்த வயதிலிருந்து உட்கார வைக்கலாம்?

கைக்குழந்தையிலிருந்தே. பின்வரிசையில் உட்காராதீர்கள், அங்கே பிள்ளைக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் முதுகு மட்டும்தான். முன்னால் உட்கார்ந்து, நடப்பதைக் காதோடு சொல்லிக்கொடுங்கள். அழுதால் வெளியே போய்ச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பி வாருங்கள். வெளியே விளையாடவிட்டால் அழுதால் விளையாடலாம் என்று ஆகிவிடும்.

திரும்பிப் பார்த்து முறைக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள், அவர்களைத் தடைபண்ணாதிருங்கள்" என்று ஆண்டவர் சொன்னது, பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டிய சீஷர்களிடம்.

"ஜெபம் பண்ணோமே, பாட்டி ஏன் செத்துப்போனாங்க?" இப்படிக் கேட்டால் என்ன சொல்வது?

இந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் எடுக்கும் முகபாவத்தை வைத்தே, இனிமேல் இந்த மாதிரிக் கேட்கலாமா கூடாதா என்று பிள்ளை தீர்மானித்துவிடும். அதனால் அவசரப்படாதீர்கள்.

இதே கேள்வியை என் வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள். அன்றைய பாடம், இறந்துபோன யவீருவின் மகளை இயேசு உயிரோடு எழுப்பிய கதை. "தலீத்தாகூமி" (சிறு பெண்ணே, எழுந்திரு) என்று அவர் சொல்வது வரைக்கும் வந்திருந்தோம். அவள் கையைத் தூக்கி, "எங்க பாட்டிக்கு மட்டும் ஏன் அப்படிச் சொல்லல?" என்றாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. எனக்குத் தெரியாது என்று சொன்னேன். பாட்டியைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். பாட்டி தலைபின்னிவிடும்போது பாடும் பாட்டைச் சொன்னாள், ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டதைச் சொன்னாள். பிறகு, இறந்துபோன தம் நண்பன் லாசருவுக்காக இயேசு கண்ணீர்விட்டதை எல்லாருமாக வாசித்தோம். எழுப்பப்போகிறார் என்று தெரிந்திருந்தும் அழுதாரே, ஏன் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். "அவங்க அழுததைப் பார்த்து அவருக்கும் அழுகை வந்துச்சு" என்றான் ஒரு பையன். அதற்கு மேல் நான் விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. உயிர்த்தெழுதலின் நம்பிக்கையை அடுத்த வாரப் பாடத்தில் பேசினோம்.

"அப்படியெல்லாம் கேட்கக் கூடாது", "நம்ம விசுவாசம் பத்தலை", "ஆண்டவருக்கு ஒரு நல்ல பூ தேவைப்பட்டது, பறிச்சுக்கிட்டார்" என்ற மூன்றையும் சொல்ல வேண்டாம். முதலாவது வாயை அடைக்கிறது. இரண்டாவது, பாட்டி இறந்ததற்குத் தானே காரணம் என்று பிள்ளையை நினைக்க வைக்கிறது. மூன்றாவதைக் கேட்டால் ஆண்டவரைப் பார்த்தே பயம் வரும்.

வேதத்திலேயே கேள்விகள் நிறைய இருக்கின்றன. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தாவீது கேட்கிறார் (சங்கீதம் 13). "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரு தகப்பன் இயேசுவிடம் கதறுகிறான். பன்னிரண்டு வயது இயேசுவை மரியாளும் யோசேப்பும் தேவாலயத்தில் கண்டுபிடித்தபோது, அவரே போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "தெரியல, ஆனா சேர்ந்து தேடலாம்" என்று சொல்லும் பெற்றோரிடம் பிள்ளைகள் பதினெட்டு வயதிலும் கேள்வியோடு வருவார்கள்.

பள்ளியில் படிக்கும் அறிவியலும் ஆதியாகமமும் முரண்படுகின்றன என்கிறாள் மகள்.

"அறிவியலா, வேதமா, ஒன்றைத் தேர்ந்தெடு" என்று அவளை மூலையில் நிறுத்தாதீர்கள். பிரபஞ்சம் விரிவடைகிறது என்பதை 1927இல் முன்வைத்து, பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமெத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. பட்டாணிச் செடிகளை வைத்து மரபியலுக்கு அடித்தளம் போட்ட கிரிகோர் மெண்டல் ஒரு துறவி. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் சபையில் அறிவியல் ஆசிரியரோ மருத்துவரோ இருந்தால் அவரோடு அவளைப் பேச விடுங்கள்.

வசனம் மனப்பாடம் செய்தால் பரிசு கொடுக்கலாமா?

சின்ன வயதில் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த வசனத்தின் பொருளைத் தன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். ஒருபோதும் வசனம் எழுத வைப்பதைத் தண்டனையாக்காதீர்கள்.

திடப்படுத்தல் முடிந்தது, திருவிருந்து எடுத்தாயிற்று. அதோடு சபைக்கு வருவதே நின்றுவிட்டது.

பல சபைகளில் இது நடக்கிறது. திடப்படுத்தல் என்பது, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே சபை முன் அறிக்கையிடும் சடங்கு. வகுப்பு, தேர்வு, வெள்ளை உடை, போட்டோ எல்லாம் சேர்ந்து அதைப் பட்டமளிப்பு விழாபோல ஆக்கிவிடுகின்றன. படிப்பு முடிந்தது என்று பிள்ளைகள் நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுத்த ஞாயிறு சபையில் அவர்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்பதைத் திடப்படுத்தல் வகுப்பு நடக்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

வேலை என்றால் நிஜமான வேலை. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் 1881இல் கிறிஸ்தவ முயற்சி சங்கத்தைத் தொடங்கியபோது, உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகும் கூட்டமாக அதை அமைக்கவில்லை. ஒவ்வொரு வாலிபனும் கூட்டத்தில் ஏதாவது ஒரு பங்கெடுப்பதாக வாக்குக் கொடுத்தான். குழுக்களின் பொறுப்பும் அவர்கள் கையில்தான் இருந்தது. சில ஆண்டுகளுக்குள் அது உலகின் பல நாடுகளுக்குப் பரவியது.

நம் சபைகளில் வாலிபருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாற்காலி அடுக்கும் வேலையும் விழா மேடை அலங்காரமும்தான். அவர்களை வேதபாடம் வாசிக்க விடுங்கள். ஒலிபெருக்கி, கேமரா, கீபோர்டு, சின்னப் பிள்ளைகள் வகுப்பு, படுத்த படுக்கையாயிருக்கும் முதியவரைச் சந்திக்கப் போகும் குழு என்று எத்தனையோ இருக்கின்றன. சபைக் கணக்கைக்கூட அவர்கள் முன் வையுங்கள். காணிக்கை எங்கே போகிறது என்று கேட்க அவர்களுக்கும் உரிமை இருக்கிறது. முதல் தடவை வாசிக்கும்போது தடுமாறுவார்கள். வாசித்துவிட்டு இறங்கும்போது "நல்லா வாசிச்சே" என்று ஒரு பெரியவர் சொன்னால் அடுத்த மாதமும் வருவார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உச்சரிப்பே வரல" என்று காதுபடச் சொன்னால் வரமாட்டார்கள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். பெற்றோரைத் தவிர, சபையில் தன் பெயரைச் சொல்லி விசாரிக்கும் பெரியவர் ஒருவராவது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். "பரீட்சை எப்படிம்மா எழுதின?" என்று கேட்கும் பாட்டி, கிரிக்கெட் பற்றிப் பேசும் அண்ணன், யாராக இருந்தாலும் சரி. அப்பாவிடம் சொல்ல முடியாததை அந்த ஒருவரிடம் சொல்வார்கள்.

என் கணவர் சபைக்கு வருவதில்லை. நான் மட்டும் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும். பவுலின் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் (அப்போஸ்தலர் 16:1). பவுல் அவனுடைய விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். ஒருவர் மட்டும் நின்று வளர்த்த பிள்ளைகள் சபைகளில் ஏராளம்.

"உங்க அப்பா மாதிரி ஆயிடாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்பாவை நேசிக்கும் பிள்ளைக்கு அது சபையின்மேல்தான் வெறுப்பை உண்டாக்கும். கணவர் கூட வராவிட்டாலும் பிள்ளை வசனம் சொல்லும் நாளில், பாடும் நாளில் கூப்பிடுங்கள். வந்தால் அன்றைக்கே அவரைப் பிடித்து உட்காரவைத்துச் சுவிசேஷம் சொல்ல வேண்டாம் என்று போதகரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

சபைக்கு வருகிற தகப்பன்மாரும் இதைக் கவனிக்க வேண்டும். தெற்குக் கலிஃபோர்னியாவில் 1970இல் தொடங்கி, ஒரே குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்த ஆய்வை நடத்தியவர் சமூகவியலாளர் வெர்ன் பெங்ட்சன். பெற்றோரின் விசுவாசம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருவதில், பெற்றோரிடம் அவர்களுக்கு இருக்கும் நெருக்கத்துக்கு, குறிப்பாகத் தகப்பனின் பாசத்துக்கு, பெரிய பங்கு உண்டு என்று அதில் தெரியவந்தது. சபையில் மூப்பராக இருந்துகொண்டு வீட்டில் பிள்ளையிடம் முகம் கொடுத்துப் பேசாத தகப்பனுக்கு இது சாதாரண விஷயமல்ல.

சபையில் நடக்கும் சண்டைகளைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

முதலில் நம் வீட்டுப் பேச்சைப் பார்ப்போம். ஆராதனை முடிந்து வீடு போய்ச் சேருவதற்குள் பிரசங்கம் நீளம், பாட்டு மோசம், கமிட்டிக்காரர் திருடர், அந்தக் குடும்பம் பெருமை பிடித்தது என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுகிறோம். பின்சீட்டில் இருக்கும் பிள்ளை அத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பத்து வருடம் இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை ஒருநாள் "அந்தச் சபைக்கு எதுக்கு வரணும்?" என்று கேட்டால், அதற்கான காரணங்களை நாமேதான் வாராவாரம் கொடுத்திருக்கிறோம். வழியில் பேசப் பழக்கப்படுத்த ஒரு கேள்வி சொல்கிறேன்: "இன்னிக்கு ஆராதனைல உனக்குப் பிடிச்சது எது?" பிள்ளை பதில் சொன்ன பிறகு நீங்களும் சொல்லுங்கள்.

நிஜமாகவே தவறு நடந்திருந்தால் மூடி மறைக்க வேண்டாம். காணிக்கையில் மோசடி நடந்திருந்தாலோ, தேர்தலில் அடிதடி நடந்திருந்தாலோ, அது பாவம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். இயேசு இதைப் பார்த்து என்ன சொல்வார் என்று கேளுங்கள்; தேவாலயத்தில் காசுக்காரர்களின் பலகைகளைக் கவிழ்த்தவர் அவர். பிள்ளைகளைத் துரத்துவது மனிதரின் தவறைவிட, அந்தத் தவறைப் பரிசுத்தமாகக் காட்டும் முயற்சிதான்.

வீட்டிலும் அப்படியே. கோபத்தில் அநியாயமாகக் கத்திவிட்டால், அன்றிரவே பிள்ளையிடம் போய், "அப்பா செஞ்சது தப்பு, மன்னிச்சுடு" என்று சொல்லுங்கள். மன்னிப்பைப் பற்றி நான் வகுப்பில் நடத்தும் எந்தப் பாடமும் அதற்கு ஈடாகாது.

ஒரு குறிப்பிட்ட ஆசிரியரைக் கண்டாலே என் மகள் பயப்படுகிறாள். பெரிதுபடுத்த வேண்டாம் என்கிறார்கள்.

பெரிதுபடுத்துங்கள். ஒரு ஆளிடம் போக மறுப்பது, தூக்கத்தில் அலறுவது, படுக்கையை மீண்டும் நனைக்க ஆரம்பிப்பது, யாரோ "ரகசியம்" சொன்னதாகச் சொல்வது, எங்கிருந்தோ பரிசுகளோடு வருவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் விசாரியுங்கள். பிள்ளை சொல்வதை நம்புங்கள். குறுக்கு விசாரணை செய்யாமல், "நீ சொன்னது நல்லது, உன்மேல தப்பே இல்ல" என்று சொல்லிப் பேச விடுங்கள். துன்புறுத்தல் என்று தெரிந்தால் காவல்துறையிடமோ உங்கள் நாட்டின் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பிடமோ நேரடியாகப் போங்கள். சபைக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், சபையின் பெயர் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும், போதகரே சொன்னாலும், கேட்காதீர்கள். சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவதே அவனுக்கு நலம் என்று ஆண்டவர் சொன்ன வார்த்தையைவிடக் கடுமையாக அவர் வேறெதையும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு சபையும் சில விதிகளை எழுதி வைக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். கதவு திறந்திருக்க வேண்டும். பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது. புதிதாக வரும் ஆசிரியரைப் பற்றி முன்பு இருந்த சபையில் விசாரிக்க வேண்டும். இப்படி விதி வைத்தால் நல்ல ஆசிரியர்கள் வருத்தப்பட மாட்டார்கள். பாதுகாப்பில்லாத இடத்தில் விசுவாசம் வளராது என்பதால் இந்தப் பதிலுக்கு மட்டும் விதிவிலக்கே கிடையாது.

ஆட்டிசம் உள்ள எங்கள் மகனை எப்படி அழைத்துப் போவது? சத்தம் தாங்க மாட்டான்.

ஆராதனை இல்லாத ஒரு நாளில் அவனைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைப் பழக்குங்கள். ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, வாசலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரே இடம். காதுக்குச் சத்தம் குறைக்கும் ஹெட்போன். அடுத்து என்ன வரும் என்று படம் போட்ட ஒரு சிறு அட்டை. இருபது நிமிடம் இருந்தால் அன்றைக்கு அது போதும். உங்களோடு மாறி மாறி அவனுடன் இருக்க சபையில் இருவரை ஏற்பாடு செய்யும்படி போதகரைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மேற்படிப்புக்கு வெளியூர் போகிறாள். அங்கே போனபின் விட்டுவிடுவாளோ?

விடுதியைத் தேடும்போதே சபையையும் தேடுங்கள். முடிந்தால் முதல் ஞாயிறு நீங்களும் அவளோடு போய், அங்கே ஒரு குடும்பத்தை அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள். அதன் பிறகு ஞாயிறு மதியம் போன் செய்து "சர்ச்சுக்குப் போனியா?" என்று வருகைப் பதிவு எடுக்காதீர்கள். பொய் சொல்லத்தான் பழகுவாள். அங்கே யார் யார் பழக்கமானார்கள் என்று கேளுங்கள்.

வளர்ந்த மகன் "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை" என்று சொல்லிவிட்டான். நாங்கள் எங்கே தவறினோம்?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பலர் அழுதுகொண்டுதான் வருகிறார்கள். "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்ற வசனம் அவர்களைக் குத்திக்கொண்டே இருக்கும். அது நீதிமொழி. வாழ்க்கையில் பொதுவாக நடப்பதைச் சொல்கிறது; ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக்கொடுத்த உத்தரவாதம் அல்ல. சாமுவேல் தீர்க்கதரிசியின் குமாரர் அவர் வழியில் நடக்கவில்லை. லூக்கா 15இல் இளையகுமாரன் வீட்டைவிட்டுப் போனதற்குத் தகப்பன்மேல் ஒரு குற்றமும் சொல்லப்படவில்லை.

அவன் ஏன் விட்டான் என்று கேளுங்கள், பதில் சொல்வதற்காக இல்லாமல் தெரிந்துகொள்வதற்காக. ஒருவேளை சபையில் யாரோ அவனைக் காயப்படுத்தியிருக்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமலே வருடங்கள் போயிருக்கலாம். அல்லது நேர்மையாக யோசித்தே அந்த முடிவுக்கு வந்திருக்கலாம். நடிக்காமல் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான். அந்த நம்பிக்கையைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். படிப்புச் செலவை நிறுத்துவேன், கல்யாணம் நடத்தமாட்டேன் என்று மிரட்டினால் அவன் திரும்பிவந்து ஆராதனையில் உட்காரலாம், ஆனால் உங்களிடம் உண்மை பேசமாட்டான்.

அவனுக்குத் தெரியாமல் போதகரை வீட்டுக்கு வரவழைத்து விவாதம் செய்ய வைக்கும் பெற்றோர் உண்டு. நாலாம் நூற்றாண்டில் வாழ்ந்த மோனிக்காள் என்ற தாயும் அதைத்தான் செய்யப் பார்த்தார். பின்னாளில் திருச்சபையின் பெரிய போதகரான அவருடைய மகன் அகுஸ்தீன், மணிகேயம் என்ற வேறொரு மதத்தில் சேர்ந்திருந்த காலத்தில், ஒரு பேராயரிடம் போய் அவனோடு பேசும்படி கெஞ்சினார். பேராயர் மறுத்துவிட்டார். அவன் இப்போது கேட்கும் நிலையில் இல்லை, அவனுக்காக ஜெபம் மட்டும் செய், படித்துப் படித்துத் தானே தெரிந்துகொள்வான் என்றார். மோனிக்காள் விடாமல் அழுதபோது, இத்தனை கண்ணீருக்குரிய மகன் கெட்டுப்போக முடியாது என்று சொல்லி அனுப்பினார். 354இல் பிறந்த அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றது 387இல், மிலானில், அந்நகரப் பேராயர் அம்புரோசியின் கையால். அதே ஆண்டில் தாய் இறந்தார். நடுவே மகன் தாயிடம் பொய் சொல்லிவிட்டு ரோமுக்குக் கப்பலேறியதும் நடந்தது. மோனிக்காள் கடல் கடந்து பின்னாலேயே போனார்.

எல்லாக் கதையும் இப்படி முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. தினமும் அவன் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். போன் பேசும்போது அவன் வேலை, நண்பர்கள், உடல்நலம் எல்லாம் பேசுங்கள்; ஒவ்வொரு அழைப்பையும் ஒரு வசனத்தோடு முடிக்காதீர்கள். பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தால் ஆராதனைக்குக் கூப்பிடுங்கள். வரவில்லை என்றால், போய்விட்டு வந்து அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

எங்கள் சபை சிறியது. பிள்ளைகள் நாலைந்து பேர்தான், ஞாயிறு பள்ளியே இல்லை. எப்படித் தொடங்குவது?

நாலைந்து பேர் தாராளமாகப் போதும். வயதுவாரியாகப் பிரிக்காதீர்கள்; பெரியவன் சின்னவளுக்கு வாசித்துக் காட்டட்டும். ஆராதனைக்கு முன் முக்கால் மணி நேரம், இரண்டு பெரியவர்கள், ஒரு மாற்கு சுவிசேஷம், ஒரு நோட்டு, கலர் பென்சில்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு கதையை வாசித்து, "இதில் உனக்குப் பிடித்தது எது, புரியாதது எது, உனக்குப் பயமாக இருந்தது எது?" என்று கேளுங்கள். புரியாதது என்று அவர்கள் சொல்வதை எல்லாம் நோட்டில் எழுதிவைத்து, மாதம் ஒருமுறை போதகரிடம் கொடுத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து பதில் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பிறந்தநாட்களையும் அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஞாயிறே போதகரிடம் பேசி, அடுத்த ஞாயிறு தொடங்கிவிடலாம்.